சங்கராபுரம் துறைமுகம்!

சங்கராபுரத்துக்குக் கடல் கிடையாது.

ஒரு காலத்தில் மாவட்டக் கணக்கில் இருந்தது. 2019 வரை நாங்கள் விழுப்புரம் மாவட்டம். மரக்காணத்தில் அலை அடித்தால், சட்டப்படி அது எங்களுக்கும் சேர்த்துத்தான் அடித்தது. கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது நடந்த பாகப்பிரிவினையில் கடல் அவர்களுக்கு, கல்வராயன் மலை எங்களுக்கு என்று ஆகிவிட்டது. நாங்களும் பெருந்தன்மையாக விட்டுக் கொடுத்துவிட்டோம்.

அப்படிப்பட்ட ஊரின் பஸ் ஸ்டாண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தோளில் படகு மோட்டாரோடு ஒருத்தன் இறங்கினால் எப்படி இருக்கும்?

இறங்கினேன். டீக்கடையில் நாலு கிளாஸ் பாதி வழியிலேயே நின்றது.

"என்னா தம்பி, சுனாமி எச்சரிக்கையா?" என்றார் ஒரு பெரியவர்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். சிதம்பரத்தில் படித்தபோது பாலன்ஸ் ஷீட்டோடு சேர்த்துக் காதலும் பண்ணினேன். பொண்ணுக்குப் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு மீனவர் குப்பம். கல்யாணம் பண்ணிக்கொண்டோம். மாமனார் மூணு வருஷம் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினார். "சாப்டியா?" என்பார். அவ்வளவுதான். மற்றவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது, "அந்தக் கணக்குப்பிள்ளை" என்பார். ஒரு தடவைகூடத் தன் படகில் என்னை ஏற்றியதில்லை. "கடலையே பாக்காத பய, வாந்தி எடுப்பான்" என்று சொன்னதாகக் கேள்வி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தவறிப்போனார். அதற்கு ஒரு வருஷம் முந்தியே முட்டிவலி வந்து கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவருடைய மோட்டார் மட்டும் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில், வலைக்கும் நைலான் கயிற்றுக்கும் நடுவே கிடந்தது. எட்டு ஹெச்.பி. ரெண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: படகின் பின்பலகையில் கவ்விக்கொண்டு உட்காரும். மேலே மண்டை மாதிரி இன்ஜின், நடுவில் நீளமாக ஒற்றைக்கால், பாதத்தில் விசிறி. முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல்.

"காயலான் கடைக்காரரு மூவாயிரம் தர்றேங்குறாரு மாப்ள. இடத்த அடைச்சிக்கிட்டு கெடக்கு" என்றார் அத்தை.

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மோட்டாரின் மண்டை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல் பார்ப்பது மாதிரி.

அதைப் பார்த்ததும் எனக்குள்ளிருந்த வீரன் வாய் திறந்தான். "இத நான் ஓட்டிக் காட்டறேன்!"

கல்யாணமானவர்களுக்குத் தெரியும், இந்த மாதிரி வசனங்களை வாபஸ் வாங்க முடியாது.

* * *

அத்தையின் பழைய புடவையில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் இரக்கத்தோடு கேட்டார், "பாட்டிக்கு ரொம்ப முடியலயா சார்?" புடவையை விலக்கிக் காட்டியதும் இரக்கம் போய் லக்கேஜ் டிக்கெட் வந்தது.

இந்த ஜாதி மோட்டாரைப் படுக்க வைப்பதற்கே ஒரு முறை உண்டு என்பது அப்போது தெரியாது. கால் எப்போதும் தலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். காலை உயர்த்தினால் உள்ளே தேங்கிய தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்கிவிடும். நான் காலை மேலே தூக்கி ஜன்னலோரம் சாத்தியிருந்தேன். விருத்தாசலம் தாண்டியதும் அது ஒண்ணுக்குப் போய்விட்டது. பக்கத்து சீட்காரரின் பையில், அவர் மாப்பிள்ளைக்கு வாங்கிப் போன வேட்டி நனைந்தது. மன்னிப்புக் கேட்டேன். "பாட்டிதான, பரவால்ல" என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றினேன், மோட்டாரைத் திண்ணைக் கட்டையில் மாட்டினேன், கயிற்றை இழுத்தேன். நாற்பத்து மூன்று தடவை. இன்ஜின் அசையவில்லை, என் தோள்பட்டைதான் கழன்றது. ராத்திரி முழுக்க மனைவி அயோடெக்ஸ் தேய்த்தாள். "அப்பா ரெண்டே இழுப்புல எடுப்பாரு" என்றாள். வேறு சமயமாக இருந்தால் கோபம் வந்திருக்கும். வலி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் பாயிடம் போனேன். முப்பது வருஷமாக எங்கள் பக்கத்து ஆயில் இன்ஜின், ஸ்பிரேயர், டி.வி.எஸ். 50 எல்லாவற்றுக்கும் அவர்தான் டாக்டர். படகு மோட்டாரை அவர் தொட்டதே இல்லை. ஆனாலும் அலட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டு ஸ்ட்ரோக்குதான தம்பி? டி.வி.எஸ். 50-க்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம். அது வழில நின்னா தள்ளிக்கிட்டு வரலாம். இது நின்னா நீஞ்சிக்கிட்டு வரணும்."

நாற்பத்து மூன்று இழுப்பைப் பற்றிச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"படிச்சவங்கள்ளாம் இப்படித்தான். டாக்டர் எடுத்தவுடனே ஆபரேஷனா பண்றாரு? மொதல்ல நாடி. எந்த இன்ஜினா இருந்தாலும் அஞ்சு கேள்விதான். ஒண்ணு, கையால சுத்துனா சுத்துதா? ரெண்டு, கம்ப்ரஷன் இருக்கா? மூணு, பிளக்குல கரண்ட் வருதா? நாலு, பெட்ரோல் வருதா? அஞ்சு, இதுக்கு மட்டும் ஸ்பெஷல், தண்ணி ஏறுதா? இந்த வரிசையில கேக்கணும். ஒண்ணுக்குப் பதில் வராம அடுத்ததுக்குத் தாவக் கூடாது."

எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. ஆடிட்டிங் வகுப்பிலும் இதையேதான் சொன்னார்கள். டிரையல் பாலன்ஸ் டேலி ஆகாமல் பாலன்ஸ் ஷீட்டுக்குப் போகாதே என்று.

* * *

ஒன்றாவது கேள்வி. பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தார். காலையில் ஃப்ளைவீலைக் கையால் சுற்றினார். முனகிக்கொண்டு சுற்றியது. "ஜாம் ஆவல. நல்ல சேதி."

இரண்டாவது. துவாரத்தில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொண்டு என்னை இழுக்கச் சொன்னார். விரலைக் காற்று தள்ளியது. கம்ப்ரஷன் பாஸ்.

மூன்றாவது. பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் உலோகப் பக்கத்தை இன்ஜின் உடம்பில் படும்படி வைத்து இழுத்தால் நீலமாகப் பொறி பறக்க வேண்டும். பறந்தது. எங்கே பறக்கிறது என்று நான் விரலை நீட்டியதில் எனக்குள்ளும் பறந்தது. "கரண்ட் நல்லா இருக்கு" என்று பாய் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

நான்காவதில்தான் வில்லன் இருந்தான். மூணு வருஷம் கிடந்த பெட்ரோல், பெட்ரோலாக இல்லை. வார்னிஷாகியிருந்தது. நாற்றமும் அதே. கார்பரேட்டரைத் திறந்தால், கிண்ணத்தின் அடியில் வெல்லப்பாகு மாதிரி ஒரு பிசின். ஊசித் துவாரமான ஜெட் முழுக்க அடைப்பு. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் அரிக்கும். அதனால் வண்டியோ ஜெனரேட்டரோ, மாசக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், கார்பரேட்டரில் இருக்கிற பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துங்கள். நாலு ஸ்குரூ வேலை நாலாயிரத்தை மிச்சம் பண்ணும்.

பிறகு காலைக் கழற்றினார். கியர் ஆயிலை வடித்தால் கருப்பாக வர வேண்டும். பால் விட்ட டீ மாதிரி வந்தது. "சீல் போயிருக்கு, தண்ணி பூந்துருக்கு. டீ கலர் வந்தா உடனே மாத்தணும். இல்லன்னா பல்சக்கரம் துருப்புடிச்சி காலி."

ஐந்தாவது, தண்ணீர். இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. ஓடுகிற தண்ணீரையே உறிஞ்சி, இன்ஜினைச் சுற்றவிட்டுக் குளிர வைத்துக்கொள்ளும். உறிஞ்சுவதற்குக் காலுக்குள் நட்சத்திர வடிவில் ஒரு ரப்பர் சக்கரம். பெயர் இம்பெல்லர். மூணு வருஷம் காய்ந்ததில் முறுக்கு மாதிரி நொறுங்கியது. நான் அன்றைக்குத் திண்ணையில் வைத்து நாற்பத்து மூன்று தடவை இழுத்தேனே, அப்போது ஒருவேளை ஸ்டார்ட் ஆகியிருந்தால்? தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோன ரப்பர் கிழிந்து, இன்ஜின் சூடேறி, கதையே முடிந்திருக்கும். ஆண்டவன் சில பிரார்த்தனைகளைக் காதில் வாங்காமல் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது.

புது இம்பெல்லர் கடலூரிலிருந்து கூரியரில் வருவதற்குள் உங்களுக்கு ஒரு சின்னக் கதை.

இந்த ஜாதி மோட்டாரை ஊர் உலகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஓலே எவின்ரூட். 1877-ல் நார்வேயில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவர். ஒரு நாள் ஏரிக்கரையில் பிக்னிக். காதலி பெஸ், ஐஸ்கிரீம் கேட்டாள். இவர் துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கிக்கொண்டு, துடுப்புப் போட்டுத் திரும்பி வந்தார். வெயிலில் ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டது. 'துடுப்புக்குப் பதில் ஒரு இன்ஜின் இருந்தால்?' என்று அங்கேதான் தோன்றியது என்பார்கள். 1909-ல் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார். ஒன்றரை ஹெச்.பி., எடை 62 பவுண்டு. அதாவது 28 கிலோ. வியாபாரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது யார் தெரியுமா? அதே பெஸ்தான், மனைவியாக. கணக்குப்பிள்ளை இல்லாமல் எந்தக் கண்டுபிடிப்பும் கரை சேராது என்பதை இந்த இடத்தில் மறைந்த என் மாமனாருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. நம் நாட்டு மீனவர்களின் படகில் இன்ஜின் வைக்கும் பெரிய முயற்சி ஒன்று 1950-களில் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கியது. பண உதவி செய்தது யார்? நார்வே!

* * *

இம்பெல்லர் வந்தது. பாய் தண்ணீர் ஓடுகிற பாதையைத் திறந்தார். வெகு நேரம் பார்த்தார். விரலால் தடவினார்.

"தம்பி, இத வச்சிருந்தவரு யாரு?"

"மாமனார்."

"கடல்ல ஓடுன இன்ஜின்னா இதுக்குள்ள உப்பு ஏறி, செங்கல்லு மாதிரி அடைச்சிருக்கணும். பாருங்க, ஒரு கல்லு உப்பு இல்ல. தெனமும் நல்ல தண்ணியில ஓட விட்டு அலசியிருக்காரு. புள்ளையக் குளிப்பாட்டற மாதிரி பாத்துக்கிட்டாரு."

ராத்திரி மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள். "அம்மாவும் அப்பாவும் தெனமும் சண்டை போடறதே இதுக்குத்தான். அம்மா குடிக்கிற தண்ணிய அவ்வளவு தூரத்துலேர்ந்து கொடத்துல தூக்கிட்டு வருவாங்க. அப்பா நாலு கொடத்த எடுத்து டிரம்முல ஊத்தி மோட்டார விட்டுடுவாரு. 'நீ ஒரு நாள் தாகம் தாங்குவ, அது தாங்காது'ம்பாரு."

மறுநாள் பாய் மண்டை மூடியின் உள்பக்கம் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில், இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பொட்டலம். "ஸ்பேர் பிளக்கு. கெட்டிக்காரரு" என்று பிரித்தார். பிளக்கைச் சுற்றியிருந்த பேப்பரை விரித்தவர் என்னைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார்.

"தம்பி, இது உங்க போட்டோ இல்ல?"

வாங்கிப் பார்த்தேன். பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கம். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய கட்டுரை. மேலே பாஸ்போர்ட் சைஸில் என் முகம், நெற்றியில் ஆயில் கறை.

என் எழுத்து ஒருத்தருக்கு உபயோகப்பட்டதற்கு அதுதான் முதல் சாட்சி என்று ஜோக் அடித்துக்கொண்டே வீட்டில் காட்டினேன். 'கைக்குக் கிடைத்த பேப்பரில் சுற்றியிருப்பார்' என்றும் சொன்னேன்.

மனைவி பேப்பரை வாங்கித் தடவிச் சரி பண்ணினாள். "எங்க வீட்ல பேப்பர், பத்திரிகை எதுவும் வாங்கற பழக்கமே கிடையாதுங்க" என்றாள்.

அதற்கு மேல் எனக்கு ஜோக் வரவில்லை.

* * *

டெஸ்ட் ஓட்டம். இருநூறு லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் கட்டை கட்டி, மோட்டாரை மாட்டினோம். லிட்டருக்கு இருபது மில்லி ஆயில். அதாவது ஐம்பதுக்கு ஒன்று. இந்தக் கணக்கை மட்டும் என்னிடம் விட்டார்கள். மெதுவாக இழுத்துப் பிடிப்பு வரும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து சுண்டி இழுக்க வேண்டும். முதல் இழுப்பு இருமல். இரண்டாவது தும்மல். மூன்றாவதில்...

தெருவே புகை. நாய்கள் ஊளையிட்டன. மோட்டாரின் பின்பக்கத்திலிருந்து பென்சில் பருமனில் தண்ணீர் பீய்ச்சியது. "அதான் தம்பி உயிர்நாடி! அந்தத் தண்ணி வரலன்னா உடனே ஆஃப் பண்ணிடணும்" என்று பாய் கத்தினார்.

சந்தோஷத்தில் நான் கியரைத் தட்டிவிட்டேன்.

டிரம்மில் டெஸ்ட் பண்ணும்போது நியூட்ரலில் வைக்க வேண்டும், விசிறியைக் கழற்றிவிட்டால் இன்னும் உத்தமம் என்று பாய் சொல்லியிருந்தார். விசிறி சுற்றியதில் பாதி டிரம் தண்ணீர் ஆகாயத்துக்குப் போய், எதிர்வீட்டு மாமியின் வடாம் மேல் இறங்கியது.

சேம வரவு செலவு: இம்பெல்லர் கிட் 1,850. பிளக் இரண்டு 300. பெட்ரோல் குழாய், ரப்பர் பல்ப் 950. ஆயில் வகையறா 760. கார்பரேட்டர் சாமான், சீல் 640. பாய் கூலி 1,500. வடாம் நஷ்டஈடு 400. ஆக மொத்தம் 6,400 ரூபாய். காயலான் கடையில் போட்டிருந்தால் மூவாயிரம் வந்திருக்கும். இதை 'மூழ்கிய செலவு' என்று எங்கள் புத்தகத்தில் சொல்வார்கள். படகு விஷயத்தில் அந்த வார்த்தையை உச்சரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

* * *

எங்கே ஓட்டுவது? மணிமுக்தா அணையில் விடலாம் என்றார்கள் டீக்கடை நண்பர்கள். அணையில் இஷ்டத்துக்கு மோட்டார் விட முடியாது. கரியாலூர் படகுத்துறையில் மாட்டலாமே என்றார் ஒருத்தர். அங்கே ஓடுவது காலால் மிதிக்கிற படகு. எதுவும் வேண்டாம், அது பிறந்த வீட்டுக்கே போகட்டும் என்று குட்டி யானை பிடித்துப் பரங்கிப்பேட்டைக்கே கொண்டுபோனோம்.

மச்சானின் சின்ன ஃபைபர் படகில் மாட்டினோம். வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே. நான், மனைவி, மச்சான். மூணு பேருக்கும் லைஃப் ஜாக்கெட். இன்ஜினை நிறுத்தும் கயிற்றை என் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். கரையில் அத்தை, கூடவே பாதிக் குப்பம்.

இரண்டாவது இழுப்பில் எடுத்தது! சத்தியமாக, இரண்டாவது இழுப்பு. மனைவி கரையைப் பார்த்தாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

நடு ஆற்றுக்குப் போனோம். மூன்றே நிமிஷம். டுர்ர்... டுர்... டுப். நின்றுவிட்டது.

ஆற்றில் வற்றம். படகு மெள்ளக் கடல் பக்கம் நகர்ந்தது. மச்சான் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், போடவில்லை. "பாரு மாப்ள" என்றார். அவ்வளவுதான். அப்பாவைப் போலவே பிள்ளை.

கை நடுங்கியது. அவசரத்தில் கயிற்றைப் பிடித்தவன், விட்டுவிட்டேன். நாற்பத்து மூன்று ஞாபகம் வந்தது. பாயின் அஞ்சு கேள்வி. சுத்துதா? சுத்துது. கம்ப்ரஷன்? இருக்கு. கரண்ட்? இவ்வளவு நேரம் ஓடியதே. பெட்ரோல்? குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் பல்பைத் தொட்டேன். சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது. உறிஞ்சுகிறது, வரவில்லை. ஏன் வரவில்லை? டேங்க்குக்குள் காற்று போகவில்லை. ஏன் போகவில்லை?

குட்டி யானையில் வரும்போது பெட்ரோல் சிந்தக்கூடாது என்று மூடியிலிருந்த காற்று ஸ்குரூவை இறுக்கியது யார்? சாட்சாத் நான்தான்.

திருகினேன். டேங்க் 'உஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டது. பல்பை நாலு தடவை அமுக்கினேன். கெட்டியானது. இழுத்தேன்.

இந்தத் தடவை ஒரே இழுப்பு.

பின்னால் தண்ணீர் பென்சில் பருமனில் பீய்ச்சியது. கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுக்தா, இந்த வெள்ளாற்றில் கலந்துதான் கடலுக்குப் போகிறது. யோசித்துப் பார்த்தால், நல்ல மழை வருஷங்களில் எங்கள் மலைத் தண்ணீரும் அவர் படகுக்கு அடியில் ஓடித்தான் இருக்கிறது. பாகப்பிரிவினையில் கடல் கைவிட்டுப் போனதாக இனிமேல் நான் வருத்தப்படப் போவதில்லை.

கரைக்கு வந்ததும் மச்சான் தோளைத் தட்டினார். நான் பெருமையோடு இறங்கி, நாலு அடி நடந்து, மணலில் உட்கார்ந்து, வாந்தி எடுத்தேன். மாமனார் சொல் பொய்க்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் அத்தை. கையில் ஒரு குடம் நல்ல தண்ணீர். நன்றியோடு இரு கைகளையும் ஏந்தினேன்.

"இருங்க மாப்ள" என்று என்னைத் தாண்டிப் போனார். "மொதல்ல அத அலசணும்."